டி டிரைவில் 960 கிலோபைட்

டி டிரைவ் என்றால் இன்றைக்குப் பல வீடுகளில் கல்யாண வீடியோவும் பழைய பாட்டுகளும் குவிந்து கிடக்கிற இடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி சாப்பிட்ட கையோடு அதன்முன் போய் உட்கார்ந்த எங்களைப் போன்றவர்களுக்கோ அந்த எழுத்து வேறொன்று. சுழலாத, சத்தம் போடாத, கரண்ட் போனால் அந்த நிமிஷமே இல்லாமல் போகிற ஒரு டிஸ்க். மெமரியில் கொஞ்சம் இடத்தை ஒதுக்கி, இதுவும் டிஸ்க்தான் என்று டாஸிடம் சொல்லிவிட்டால் அது மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். டிர் அடித்தால் பட்டியல் காட்டும், காப்பி அடித்தால் காப்பி எடுக்கும், எம்எஸ்-ராம்டிரைவ் என்று தலைப்பில் ஒரு பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளும். இத்தனைக்கும் எழுத வேண்டியது ஒரே ஒரு வரிதான். நீங்களும் அந்த வரியை எழுதியவராக இருந்தால், அதன் வாலில் இருக்கும் எண்ணை மாற்றி, மெஷினை மறுபடி பூட் செய்து, திருப்தி வராமல் மறுபடி மாற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகக் கழித்திருப்பீர்கள்.

அந்த வரி ஏன் அவ்வளவு இனித்தது என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் கல்லூரி லேபிலிருந்து தொடங்க வேண்டும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வெளியே கொளுத்துகிற வெயிலை மறந்து ஏசி அறைக்குள் நுழைந்தால், வரிசையாக பிசி எக்ஸ்டி மெஷின்கள் இருக்கும். பாதிக்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது, இரண்டு ஃப்ளாப்பி டிரைவ் மட்டும். ஒரு ஃப்ளாப்பியில் 360 கிலோபைட். வேர்ட்ஸ்டாரில் ஏதாவது ஒரு மெனுவைத் தொட்டால் போதும், அதற்கான ஓவர்லே ஃபைலைத் தேடி டிரைவ் கரகரவென்று கறுவும், நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பெரிய புரோகிராம் ஒன்றை ஓட்டிவிட்டு வெளியே வந்தால், கமாண்ட்.காம் இருக்கும் டிஸ்கை ஏ டிரைவில் போட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று திரை கேட்கும். டாஸ், தன்னுடைய கமாண்ட்.காமின் ஒரு பகுதியை, நம் புரோகிராமுக்கு இடம் வேண்டுமென்று மெமரியிலிருந்து இறக்கிவிட்டிருக்கும். திரும்ப ஏற்றிக்கொள்ள அதற்கு அந்த ஃப்ளாப்பி வேண்டும். அது எந்த ஃப்ளாப்பி, யார் மேஜையில் இருக்கிறது என்று பார்த்து வாங்கி வருவதற்குள் லேப் பீரியட் பாதி போய்விடும்.

எங்களுக்கு ஒரு வருஷம் மூத்த அண்ணன் ஒருவர், ஒருநாள் எதுவும் சொல்லாமல் என் மெஷினில் உட்கார்ந்தார். பூட் ஃப்ளாப்பியில் விடிஸ்க்.சிஸ் என்று ஒரு ஃபைலைச் சேர்த்தார். ஐபிஎம் 1984-இல் பிசி டாஸ் 3.0-ஓடு கொடுத்தது அது. மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு 1986-இல் எம்எஸ்-டாஸ் 3.2-வில் ராம்டிரைவ்.சிஸ் என்று கொடுத்தது. இருக்கிற 640 கிலோபைட்டில் கொஞ்சத்தை எடுத்து டிஸ்க் ஆக்கி, கமாண்ட்.காமை அதற்குள் காப்பி செய்து, காம்ஸ்பெக் என்ற வேரியபிளில் அதன் முகவரியை எழுதினார். அவ்வளவுதான். அன்றைக்கு டாஸ் யாரிடமும் ஃப்ளாப்பி கேட்கவில்லை. “பார்த்துக்கோ தம்பி, இனிமே அது தன் சோத்தைத் தானே போட்டுத் திங்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஒரு மெஷினிடம், உனக்கு வேண்டியதை இன்ன இடத்தில் வைத்திருக்கிறேன், அங்கே போய் எடுத்துக்கொள் என்று சொல்ல முடியும் என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பிரமிப்பு எனக்கு முழுசாக வடியவில்லை.

1992-இல், அப்பா பி.எஃப். பணத்தில் கடன் போட்டு, மதுரையில் எங்கள் வீட்டு முன்னறைக்கு ஒரு 386 எஸ்எக்ஸ் வந்து சேர்ந்தது. அசெம்பிள் செய்த மெஷின். 40 மெகாபைட் ஹார்ட் டிஸ்க், 2 மெகாபைட் ராம். காலையில் ஸ்விட்ச் போட்டதும் டக் டக்கென்று சத்தத்தோடு மெமரியை எண்ணத் தொடங்கும், அந்த எண் ஏறுவதை வீடே நின்று பார்க்கும். ஆனால் அந்த 2 மெகாபைட்டில் ஒரு மெகாபைட்டை டாஸ் புரோகிராம்கள் எட்டிக்கூடப் பார்க்காது. 1981-இல் வந்த முதல் பிசியின் 8088 சிப்புக்கு ஒரு மெகாபைட்டுக்கு மேல் முகவரி சொல்லத் தெரியாது. அதில் 640 கிலோபைட் புரோகிராமுக்கு, மீதி திரைக்கும் பயாஸுக்கும் என்று அன்றைக்குப் பிரித்தது பிரித்ததுதான். சிப் வளர்ந்தது, டாஸ் அந்த எல்லைக்குள்ளேயே நின்றது. காசு கொடுத்து வாங்கிய மெமரியில் பாதி, பூட்டிய அறை மாதிரி சும்மா கிடந்தது.

அந்த அறைக்குச் சாவி கான்ஃபிக்.சிஸ் என்கிற சின்ன டெக்ஸ்ட் ஃபைல். முதலில் ஹைமெம்.சிஸ் வர வேண்டும், அதுதான் ஒரு மெகாபைட்டுக்கு மேலே இருக்கிற மெமரிக்குக் காவல். அடுத்து டாஸ் ஈக்வல்ஸ் ஹை. அந்த வரி டாஸையே மேலே ஏற்றிவிடும், அதற்கு 64 கிலோபைட் போய்விடும். 1024-இல் 64 போக மிச்சம் 960. மூன்றாவது வரியில்தான் நம்முடைய ஆசை: டிவைஸ் ஈக்வல்ஸ் என்று போட்டு, ராம்டிரைவ்.சிஸ் இருக்கும் இடத்தை எழுதி, ஓர் இடைவெளி விட்டு 960, மறுபடி இடைவெளி விட்டு 512, பிறகு 64, கடைசியில் சாய்கோட்டோடு ஈ. முதல் எண் டிஸ்கின் அளவு, இரண்டாவது செக்டர் அளவு, மூன்றாவது ரூட் டைரக்டரியில் எத்தனை பெயர் இருக்கலாம் என்பது. அந்த ஈயை விட்டுவிட்டால் டிஸ்க் மேலே போகாமல் 640-க்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். எண்ணே எதுவும் எழுதாவிட்டால் 64 கிலோபைட் மட்டும் கொடுக்கும். இந்த விதிகளை நாங்கள் யாரிடமும் படிக்கவில்லை; டாஸோடு வந்த தடித்த மேனுவலை ஒருவர் மாற்றி ஒருவர் இரவல் வாங்கிப் படித்தோம். பாடப்புத்தகத்துக்குக் கூட அப்படி அட்டை போட்டு வைத்ததில்லை.

960 கிலோபைட்டுக்குள் எதைக் குடிவைப்பது என்பதில்தான் நிஜமான சுகம் இருந்தது. டர்போ சி-யை முழுசாக வைக்க இடம் போதாது. ஒண்டுக்குடித்தனத்துக்குப் போகிறவர்கள் எந்தப் பாத்திரத்தை எடுத்துப்போவது, எதை ஊரிலேயே விட்டுவிடுவது என்று பரப்பிப் போட்டுப் பார்ப்பார்களே, அப்படித்தான் நானும் அந்த ஃபைல்களைப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். டிசி.எக்ஸி வேண்டும். இன்க்ளூட் டைரக்டரி வேண்டும். லைப்ரரிகளில் ஸ்மால் மாடலுக்கு உரியவை மட்டும் போதும். மீடியம், காம்பாக்ட், லார்ஜ், ஹியூஜ் நான்கும் சி டிரைவிலேயே இருக்கட்டும், நான் எழுதுகிற புரோகிராமுக்கு அவ்வளவு பெரிய மெமரி மாடல் எதற்கு? எடுத்துக்காட்டுப் புரோகிராம்கள் வேண்டாம். கிராஃபிக்ஸ் லைப்ரரி? ஒரு வட்டம் வரைந்து வண்ணம் தீட்டிப் பார்க்கிற ஆசை இருந்த காலம், அதனால் அதுவும் வரட்டும். இப்படி ஒவ்வொரு ஃபைலாக எடுத்துப் பார்த்து, அது என்ன செய்கிறது, அது இல்லாமல் போனால் எது நின்றுபோகும் என்று தெரிந்துகொண்டே அடுக்கினேன். அந்த கம்பைலரை எனக்கு உள்ளும் புறமுமாகக் கற்றுக்கொடுத்தது எந்த வகுப்பும் அல்ல, அந்தப் பற்றாக்குறைதான்.

ஆட்டோஎக்ஸெக்.பாட் ஃபைலில் எக்ஸ்காப்பி வரி, பாத் வரி, டெம்ப் வேரியபிளை டி டிரைவுக்குத் திருப்பும் வரி. மெஷின் எழுந்ததும் ஹார்ட் டிஸ்கின் சிவப்பு விளக்கு எரிய, ஃபைல் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். அது முடிகிற வரை காத்திருப்பதற்குள் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிடுவாள். அதன்பிறகு கம்பைல் போட்டால் சிவப்பு விளக்கு எரியாது. சத்தமில்லை. ஹார்ட் டிஸ்கின் கையசைவைக் காதால் கேட்டுக் கேட்டு, இப்போது ஹெடர் படிக்கிறது, இப்போது லிங்க் செய்கிறது என்று தெரிந்துவைத்திருந்தவனுக்கு அந்த நிசப்தம் முதலில் திகிலாக இருந்தது, பிறகு போதையாக மாறியது. அன்றைய 40 மெகாபைட் டிஸ்க் ஒன்று கேட்ட இடத்துக்குத் தன் ஹெட்டை நகர்த்த 28 மில்லி நொடி எடுக்கும். மெமரி சிப்பின் முதுகில் -8 என்று அச்சிட்டிருந்தால் அதற்கு 80 நானோ நொடி. மூன்றரை லட்சம் மடங்கு வித்தியாசம். நடுவில் டாஸ் செய்கிற வேலையெல்லாம் இருப்பதால் கையில் அவ்வளவும் கிடைக்காதுதான். கிடைத்தது போதுமானதாக இருந்தது.

ஒரே ஒரு கட்டுப்பாடு. அணைத்தால் டி டிரைவ் காலி. எங்கள் பக்கம் சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கும், ஸ்டெபிலைசர் கடகடவென்று அடித்துக்கொள்ளும், சில நாள் மொத்தமாகவே கரண்ட் போகும். யுபிஎஸ் வாங்க வசதியில்லை. அதனால் எழுதுகிற புரோகிராம் சி டிரைவில், அதைக் கம்பைல் செய்கிற கருவிகளும் இடையில் உண்டாகிற குப்பையும் டி டிரைவில் என்று பிரித்திருந்தோம். போனால் போகட்டும் என்று சொல்லக்கூடியதை மட்டும் அங்கே வை, இதுதான் நண்பர்களுக்குள் சட்டம். எது என்னுடைய உழைப்பு, எது திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடியது என்று தினமும் பிரித்துப் பார்க்க அந்த சட்டம் பழக்கியது. மறுநாள் காலையில் பூட் செய்யும்போது நேற்றைய டெம்ப் ஃபைல் ஒன்றுகூட இருக்காது. இன்று என் லேப்டாப்பில் டெம்ப் ஃபோல்டரைத் திறந்தால் ஜிகாபைட் கணக்கில் யார் போட்டது, எப்போது போட்டது என்று தெரியாத ஃபைல்கள். அவற்றை அழிக்கலாமா கூடாதா என்று கேட்டால் யாருக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் நண்பர் வட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. மிச்சம் இருக்கிற மெமரியை ராம்டிரைவுக்குக் கொடுப்பதா, ஸ்மார்ட்டிரைவுக்குக் கொடுப்பதா? ஸ்மார்ட்டிரைவ் என்பது டிஸ்க் கேஷ். ஹார்ட் டிஸ்கிலிருந்து படித்ததை மெமரியில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை கேட்டால் அங்கிருந்தே கொடுக்கும். எதை வைத்துக்கொள்வது என்பதை அதுவே தீர்மானிக்கும், நாம் ஒன்றும் அடுக்கித்தர வேண்டாம். “எதுக்குடா இவ்வளவு மெனக்கெடுறே, அதுவா பார்த்துக்கிடும்” என்பது அந்தக் கட்சியின் வாதம். எங்கள் கட்சிக்கு ஒரு பலமான பதில் இருந்தது. பிற்கால ஸ்மார்ட்டிரைவ், எழுதச் சொன்னதையும் கொஞ்சநேரம் மெமரியிலேயே வைத்துக்கொண்டு பிறகுதான் டிஸ்கில் எழுதும். அதற்குள் கரண்ட் போனால், எழுதியாயிற்று என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது எழுதப்பட்டிருக்காது. ராம்டிரைவ் அப்படி இல்லை, போய்விடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்ட டிஸ்க் அது. டவுன்ஹால் ரோட்டில் டீக்கடை வாசலில் நின்று இதை நாங்கள் விவாதித்த ஆவேசத்தைப் பார்த்தவர்கள் ஏதோ தேர்தல் தகராறு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

1993 கடைசியில் கூடுதல் மெமரி வாங்க பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி மெட்ராஸ் போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால் கடைக்குக் கடை கண்ணாடிப் பெட்டிக்குள் கார்டுகள், சாலிடர் புகை, விலை கேட்டு நகரும் கூட்டம். என்னிடம் பேசிய கடைக்காரர் சிம் என்கிற மெமரி அட்டை ஒன்றை வெள்ளிக் கவரிலிருந்து எடுத்து விளிம்பைப் பிடித்துக் காட்டினார். நம் விரல் நீளத்துக்கு ஒரு பச்சை அட்டை, அதில் ஒன்பது கறுப்பு சிப். எட்டு நம்முடையது, ஒன்பதாவது மற்ற எட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற பாரிட்டி.

“ஜோடியாதான் போடணும் தம்பி, எஸ்எக்ஸ்னா. தெரியுமில்ல?”

“தெரியும்ணே. விலை என்னண்ணே இப்படி ஏறிக்கிடக்கு?”

“ஜப்பான்ல ரெசின் ஃபேக்டரி வெடிச்சுப்போச்சுப்பா. உலகம் பூரா இதே கதை.”

அவர் சொன்னது நிஜம். அந்த வருஷம் ஜூலையில் நீஹாமாவில் சுமிட்டோமோ கெமிக்கல் தொழிற்சாலையில் விபத்து நடந்தது. சிப்புகளைப் பொதிகிற எபாக்ஸி ரெசினில் உலகத் தேவையின் பாதிக்கு மேல் அங்கேதான் தயாரானது. எங்கோ ஒரு கடலோரப் பட்டணத்தில் நடந்த வெடிப்பு, மதுரை முன்னறையில் ஒரு டி டிரைவின் அளவைத் தீர்மானித்தது. அத்தனை விலை கொடுத்து எதற்கு என்று அவர் கேட்டார், விண்டோஸ் போடவா என்று. ராம்டிரைவுக்கு என்றேன். கொஞ்சநேரம் என்னைப் பார்த்துவிட்டு, “ஊர்ல எல்லாரும் மெமரி பத்தலைன்னு டிஸ்கை மெமரி ஆக்குறாங்க, நீ மெமரியை டிஸ்க் ஆக்குறே. நல்லா இரு” என்று சொல்லி, பேரம் பேசாமலே கொஞ்சம் குறைத்துக்கொடுத்தார். விண்டோஸ் 3.1 ஸ்வாப் ஃபைல் வைப்பதைத்தான் சொன்னார். ஊருக்கு வந்து, சிம்மைச் சாய்த்து வைத்து, நிமிர்த்தி, இரண்டு பக்கமும் கிளிப் டக்கென்று பிடிக்கிற வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். மறுபடி எண்ணத் தொடங்கிய மெஷின், பழைய இடத்தில் நிற்காமல் மேலே மேலே போனது. தங்கச்சி கைதட்டினாள்.

அதற்குப் பிறகு வந்தவர்களும் ராம் டிஸ்க் வைத்திருந்தார்கள், தெரியாமலே. விண்டோஸ் 98-இன் ஸ்டார்ட்அப் ஃப்ளாப்பியைப் போட்டு பூட் செய்தவர்களுக்கு ஞாபகமிருக்கும், டி-யில் இருந்த சிடி டிரைவ் திடீரென்று ஈ என்று தள்ளிப்போயிருக்கும். நடுவில் புகுந்தது ராம்டிரைவ்தான். 2 மெகாபைட்டில் ஒரு டிஸ்கை உண்டாக்கி, ஃப்ளாப்பியில் சுருட்டி வைத்திருந்த கருவிகளை அதில் விரித்து வைக்கும். இன்றைக்கு நம் பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் ராம் டிஸ்க் என்ற பெயரிலேயே ஒரு பகுதி இருக்கிறது. லினக்ஸ் மெஷின்கள் பெரும்பாலும் எழுந்திருக்கும்போது முதலில் நிற்பது மெமரிக்குள் விரித்த ஒரு சின்ன ஃபைல் சிஸ்டத்தின் மேல்தான். அந்தப் பழைய யுக்தி சாகவில்லை. அதை எழுதுகிற கைதான் நம்முடையதாக இல்லை.

போன மாதம் என் லேப்டாப்பில் ஆசைக்கு ஒன்றை அமைத்தேன். 16 ஜிகாபைட் ராம். லினக்ஸில் டெம்ப்எஃப்எஸ், 2001-இல் வந்த 2.4 கர்னலிலிருந்து இருக்கிறது. மவுன்ட் கட்டளை ஒன்று, அளவு இரண்டு ஜிகாபைட் என்று ஒரு சொல், முடிந்தது. மறுபடி பூட் செய்ய வேண்டாம், 64 கிலோபைட்டைக் கழித்துப் பார்க்க வேண்டாம். அளவே சொல்லாவிட்டால்கூட மொத்த மெமரியில் பாதி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று தானாக வைத்துக்கொள்ளும், அதுவும் ஃபைல் போடப்போடத்தான் எடுக்கும். அமிகா வைத்திருந்தவர்களுக்கு எண்பதுகளிலேயே இப்படி வளர்ந்து சுருங்குகிற ராம் டிஸ்க் இருந்தது என்று அந்தக் காலத்துப் பத்திரிகையில் படித்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். இப்போது கைக்கு வந்துவிட்டது. ஒரு பெரிய புரோகிராமை அதில் வைத்துக் கம்பைல் செய்தேன், பிறகு எஸ்எஸ்டியில் வைத்துச் செய்தேன். வித்தியாசம் கைக்குப் பிடிபடவில்லை.

பக்கத்தில் இருந்த மகள், “அப்பா, அதான் ஏற்கெனவே மெமரியிலதானே இருக்கு” என்று ஃப்ரீ என்ற கட்டளையை அடித்துக் காட்டினாள். பஃப்/கேஷ் என்ற பத்தியில் ஜிகாபைட் ஜிகாபைட்டாக எண்கள். ஒருமுறை படித்த ஃபைலை மெஷின் தானே மெமரியில் வைத்துக்கொண்டிருக்கிறது. ஸ்மார்ட்டிரைவ் கட்சி ஜெயித்துவிட்டது, உலகம் முழுக்க. டிஸ்குக்கும் மெமரிக்கும் இருந்த மூன்றரை லட்சம் மடங்கு இடைவெளியும் இன்றைய எஸ்எஸ்டியில் சுமார் ஆயிரத்துக்கு வந்துவிட்டது. மெமரியின் அந்த 80 நானோ நொடி மட்டும், அன்றைக்கு இருந்த இடத்துக்கு அருகிலேயே இன்றும் நிற்கிறது. 2025 இறுதியில் மெமரி விலை மறுபடி ஏறியது, இந்தமுறை ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்பை வாரிக்கொண்டு போனதால். ரிச்சி தெருவில் யாரோ ஒரு பையனிடம் யாரோ ஒரு அண்ணன் அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

கேஷ் நல்லதுதான், எனக்கு அதன்மேல் வழக்கு இல்லை. ஆனால் அதனிடம், உள்ளே என்ன வைத்திருக்கிறாய், எதை வெளியேற்றினாய், ஏன் என்று கேட்டால் எளிதில் பதில் வாங்க முடியாது. என் 960 கிலோபைட்டில் எந்த ஃபைல் எதற்காக இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். வேகம் இப்போது கேட்காமலே வருகிறது. அந்தப் பரிச்சயம் போய்விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்கவும் விரும்பவில்லை. அதனால் அந்த இரண்டு ஜிகாபைட்டை நான் கலைக்கவில்லை. வேகத்துக்காக அல்லாமல், பிரவுசரின் டவுன்லோட் எல்லாம் அங்கே போய் விழும்படி திருப்பிவிட்டேன். வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்கிறேன். மீதி ராத்திரி அணைக்கும்போது போய்விடுகிறது.

இரண்டு வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் போன ஞாயிறு தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்கப்பா. சைஸ் எவ்வளவு வைக்கலாம்?”

“உள்ளே என்ன வைக்கப்போறே, அதை முதல்ல சொல்லு.”

ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் வருகிற பிடிஎஃப், கம்பைல் செய்யும்போது வருகிற ஆப்ஜெக்ட் ஃபைல்கள் என்று விரல்விட்டு எண்ணினாள். அசைன்மென்ட் என்றதும் நிறுத்தினேன்.

“அது வேண்டாம்மா. கரண்ட் போனா போயிடும்.”

“லேப்டாப்புல ஏதுப்பா கரண்ட் போறது?”

“சார்ஜ் தீரும்ல?”

யோசித்துவிட்டு அதைப் பட்டியலிலிருந்து அடித்தாள். ஒரு ஜிகாபைட் போதும் என்று அவளே சொன்னாள்.